கதவைத் திறக்குமுன் ஒரு பாட்டு

1

என் வீட்டுக்காரர் போன பிறகு என்னிடம் யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாளாயிற்று. முதலில் எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற மகனிடம் சாம்பாரில் உப்புத் தூக்கலா என்று கேட்டால், சரியாக இருக்கிறது என்கிறான். மறுவாரம் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். அப்போதும் சரியாகத்தான் இருந்ததாம். மருமகள் ம்ருணாள் மராட்டிப் பெண், தங்கமான பெண். எந்தப் புடவையைக் காட்டி எனக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கேட்டாலும் ரொம்ப அழகு என்று சொல்லிவிடுவாள். மேல்வீட்டுக்காரி, வாட்ச்மேன், ஊரிலிருந்து போனில் பேசுகிற தங்கை, ஒருத்தரும் விலக்கில்லை. புருஷன் போனவளை மறுத்துப் பேசக்கூடாது என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல் இருக்கிறது.

புனேயில் இன்னும் என்னிடம் முடியாது என்று சொல்லுகிற ஒரே ஆள் பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தாதான். ஊரில் இனிஷியல் போட்டு எஸ். கோமதி என்றால் வேலை முடிந்தது. இங்கே ஒரு ஆளுக்குத் தன் பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். நமக்குக் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? கல்யாணமாகி வந்த புதிதில் ரேஷன் கார்டில் என் மாமனாரைப் பிடித்துக் கடைசியில் போட்டார்கள். அதில் நான் கோமதி சுந்தரம் சங்கரலிங்கம். வங்கியில் கோமதி சுந்தரம். ஆதாரில் கோமதி எஸ். இந்த மூன்று பெண்களும் ஒருத்திதான் என்று நிரூபித்தால்தான் குடும்பப் பென்ஷன் முழுதாக வரும் என்கிறார் குமாஸ்தா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இது ஆகாது சங்கரலிங்கம் பாயி என்பார். செத்துப்போன என் மாமனாரை "பாயி" என்று பெண்பிள்ளை ஆக்கியதற்கும் சேர்த்துச் சண்டை போட்டுவிட்டு வெளியே வரும்போது உடம்பில் ரத்தம் ஓடுவது தெரியும்.

போன தடவை எல்லாக் காகிதமும் என்னிடம் தயாராக இருந்தது. ஒன்றை மட்டும் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சிரிக்காதீர்கள். இந்த ஊரில் தனியாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

2

எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. சொத்து வழக்கோ, மாமியார் மருமகள் வழக்கோ இல்லை. ஒரு மராட்டிச் சங்கீத நாடகத்தில் சுலக்ஷணா என்கிற பாத்திரத்தை யார் சரியாகச் செய்தாள் என்பதுதான் வழக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. வாய்தாவே கிடையாது.

நான் சங்கரன்கோவில்காரி. எங்கள் பக்கத்தில் அம்மன் கோவில் பொங்கலுக்கு நாடகம் போடுவார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. பாட்டும் வசனமும்கூட முக்கால்வாசி மனப்பாடம். அதனால் என்ன நாடகம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், "யாரு ராஜபார்ட்டு?" என்றுதான் கேட்பார்கள். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவாள். ஒத்திகை என்கிற பேச்சே இல்லை. மேடையில்தான் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நிற்பார்கள். போன வருஷத்து ராஜா பிள்ளையைப் பறிகொடுத்தபோது அழுதான், இந்த வருஷத்து ராஜா அழவில்லை, எது சரி என்று மறுநாள் குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பேசுவார்கள். எங்கள் அம்மா அழுத ராஜா கட்சி. அடுத்த வீட்டுச் சித்தி அழாத ராஜா கட்சி. எட்டாவது படிக்கும்போதே நானும் அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. அவருக்குப் பாதுகாப்புத் துறையின் கணக்கு ஆபீசில் வேலை. காலையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வரை குவார்ட்டர்ஸில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது. அப்போது அவருடைய ஆபீசில் நாடகப் பைத்தியம் பிடித்த மராட்டிக்காரர் ஒருவர் இரண்டு பாஸ் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து அழுவதற்கு அங்கே போய் உட்காரலாம் என்று போனோம்.

முதல் கால்மணி நேரம் ஒரு சொல்கூடப் புரியவில்லை. பிறகு ஆர்கனும் தபலாவும் ஆரம்பித்தன. ஒருத்தி பாடி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார். அவள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இது எங்க ஊராச்சே!

அதற்குப் பிறகு மாதம் ஒரு நாடகமாவது பார்த்துவிடுவோம். என் மராட்டி முழுக்க அந்த மேடையில் கற்றதுதான். அதனால் நேர்ந்த அவமானமும் உண்டு. அந்த நாடகங்களில் எல்லாம் ராஜாக்களும் மந்திரிகளும் பேசுகிற பழைய பாஷை. நான் காய்கறிக்காரரிடம் போய், ஐயனே, கருணைகூர்ந்து இந்தக் கத்தரிக்காயின் விலையைக் கூறியருள வேண்டும் என்கிற தோரணையில் கேட்டிருக்கிறேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். தராசைத் தூக்கும்போதெல்லாம் ராணிசாகேப் என்றுதான் கூப்பிடுவார். குவார்ட்டர்ஸை விட்டுச் சாங்வியில் வீடு வாங்கி வந்த பிறகும் அந்தத் தோரணை என்னை விடவில்லை. இன்றைக்கும் நான் மராட்டி பேசினால் கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

3

வழக்கைப் புரிந்துகொள்ளக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

சுலக்ஷணாவின் கணவன் பெரிய பாடகன். ராஜசபைக்குப் போனவன் அங்கே ஒரு நாட்டியக்காரியின் வீட்டில் தங்கிவிடுகிறான். வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. கடைசி அங்கத்தில், கொட்டுகிற மழையில், எல்லாம் இழந்து திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மேடைக்கு நடுவில் சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கும். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். நமக்கு இரண்டு பேரும் தெரிவார்கள். கதவைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பைரவி ராகம், நம் காதுக்குச் சிந்துபைரவி என்று சொல்லலாம். தட்டியது மழையா, மனுஷனா என்று கேட்கிற பாட்டு. நாடகமே அந்தப் பாட்டுக்காகத்தான்.

நாங்கள் முதலில் பார்த்த சுலக்ஷணாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கனத்த உடம்பு. இருபத்தைந்து வயதுப் பெண்ணாக அவரை நம்புவதற்கே ஒரு அங்கம் ஆகும். நாங்கள் அவரைப் பெரிய சுலக்ஷணா என்று பேர் வைத்துப் பேசுவோம். அவர் குத்துவிளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைத் திரி திரித்துக்கொண்டிருப்பார். கதவு தட்டப்படும். அவர் திரும்பவே மாட்டார். கை திரித்துக்கொண்டே இருக்கும், பாட்டு அதன் பாட்டுக்கு வரும். பாடி முடித்து, திரிகளைத் தட்டில் வரிசையாக வைத்து, முந்தானையில் கையைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். யாராவது ஒன்ஸ்மோர் கேட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து, இன்னொரு பஞ்சை எடுத்து, அட்சரம் பிசகாமல் முன்போலவே செய்வார்.

எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. பற்றிக்கொண்டு வந்தது.

"புருஷன் மழையில நனையுதான். இவ என்னடான்னா திரி உருட்டிக்கிட்டிருக்கா" என்றேன் பஸ் ஸ்டாப்பில்.

"அவ செய்யுததுதாம்ட்டி சரி" என்றார் அவர்.

வழக்கு அன்றைக்குத் தொடங்கியது.

பல வருஷம் கழித்து இரண்டாவது சுலக்ஷணா வந்தாள். சின்னவள். அவளைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. கதவு தட்டியதுமே திரித்தட்டு கை நழுவி விழும். ஓடிப்போய் உள்ளங்கையைக் கதவில் வைப்பாள், கன்னத்தை வைப்பாள், கதவுக்கு முகம் இருப்பதுபோல் அதோடு பேசிப் பாடுவாள். கடைசி அடிக்கு வரும்போது குரல் உடைந்துவிடும். பாட்டு முடிவதற்குள் தாழ்ப்பாளைத் திறந்து, மிச்சத்தை அவன் நெஞ்சில் சாய்ந்து பாடி முடிப்பாள். அரங்கத்தில் பெண்களெல்லாம் மூக்கை உறிஞ்சுவார்கள். நானும்தான்.

ஆனால் இந்த ஒன்ஸ்மோர் இருக்கிறதே, அது அவளைப் படுத்தியது. நெஞ்சில் சாய்ந்தாயிற்று, கதவு திறந்தாயிற்று. பின்வரிசைத் தாத்தா கத்திவிட்டால் என்ன செய்வது? கட்டிக்கொண்ட புருஷனை மெல்ல விலக்கி, மறுபடி வெளியே அனுப்பி, கதவைச் சாத்த வேண்டும். அந்த நடிகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மழைக்குத் திரும்புவார். என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரிக்க, முன்னால் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள்.

"வந்தவன வெளிய தள்ளிக் கதவச் சாத்துதா பாரு, அதோட அவ கதை முடிஞ்சுது" என்பார்.

"அவ தொறந்ததாலதான மறுபடி சாத்துதா. ஒங்க ஆளு தொறக்கதுக்கே விடிஞ்சிருமே" என்பேன்.

கேஸ் சிலிண்டருக்குக் காத்திருக்கும்போது, மகனுடைய ஸ்கூலில் பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது, ரயிலில் ஊருக்குப் போகும் இரண்டு பகல் முழுக்க, இதே பேச்சுத்தான். அதில் எத்தனை கிளை வழக்குகள்! பெரிய சுலக்ஷணா கணவனைப் பார்க்கிற முதல் பார்வையில் கோபம் இருந்ததா இல்லையா, சின்னவள் அழுதது சுலக்ஷணாவுக்காகவா தனக்காகவா, வயதானவள் இளம்பெண்ணாக நடிப்பது பொய்யா, அதுதான் நடிப்பா. ஒரு புள்ளியில்கூட அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அவரால் பேச முடியாது. நர்ஸ் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனாள். நான் அவர் காதருகில் குனிந்து, ஒங்க ஆளா இருந்தா இந்தக் கதவ இந்நேரம் தொறந்தே இருக்கமாட்டா என்றேன். அவர் வலது கையை லேசாகத் தூக்கி, விரல்களைச் சேர்த்துத் திரி திரித்துக் காட்டினார். செத்தாலும் இந்த மனுஷனுக்குப் பிடிவாதம் போகாது என்று திட்டினேன். அப்படியே ஆகிவிட்டது.

4

மகன் செந்தில் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறான், ஆபீசுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறான். சாங்விக்கு ஒன்றும் தூரமில்லை. ஆனால் கம்பெனி வண்டிகள் நெரிக்கிற அந்த ரோட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறான். சாப்பிடுகிறான், பல்பு மாற்றுகிறான், என் போனில் எதையோ சரிசெய்கிறான். பேத்தி என்னைப் பாட்டி என்று கூப்பிடுவாள். அதற்கு மேல் அவளிடமிருக்கும் தமிழ்ச் சொற்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவர் போன பிறகு வழக்கை மகனிடம் மாற்றிவிடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அவனும் சின்ன வயதில் எங்களோடு எல்லா நாடகத்துக்கும் வந்தவன்தான், பாதி நேரம் மடியில் தூங்கியிருந்தாலும். ஒருநாள் சாப்பாடு போட்டுவிட்டு, சின்ன சுலக்ஷணாதானே நன்றாகச் செய்தாள் என்றேன். ஆமாம்மா என்றான். மறுவாரம், யோசித்துப் பார்த்தால் பெரியவர்தான் சரியோ என்று தூண்டில் போட்டேன். ஆமாம்மா, அவங்களும் நல்லா செஞ்சாங்க என்றான். உப்பில்லாத சாம்பார் கதைதான்.

எனக்கு அழுகை வந்தது. எதிர்த்துப் பேச ஆள் இல்லையென்றால் நான் சொல்வது அபிப்பிராயமே இல்லை, வெறும் முணுமுணுப்பு. காலையில் காபி போடும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் சொல்லுகிற பதிலில் ஒரு வார்த்தையாவது நான் எதிர்பார்க்காததாக இருக்கும். நானே சொல்லிக்கொள்வதில் அது இருப்பதில்லை.

போன மாதம் முதல் திதி கொடுத்தோம். எல்லாம் முடிந்து இலை எடுத்த பிறகு ம்ருணாள் தன் போனைக் காட்டினாள். அதே நாடகத்தைப் புதிதாகப் போடுகிறார்கள், புதுச் சுலக்ஷணா, ஞாயிறு மத்தியானக் காட்சி. எனக்கும் அவளுக்குமாக டிக்கெட் எடுத்திருந்தாள். அந்த நல்ல மனசுக்கு நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. நாடகத்தன்று பார்த்துப் பேத்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, ம்ருணாளுக்குப் பதில் செந்தில் வந்தான்.

5

அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலி. நிரம்பியதில் பாதி பேர் கைத்தடி வைத்திருந்தார்கள். ஆரம்பிக்குமுன் ஓர் அறிவிப்பு வந்தது: அரங்கத்தைக் குறித்த நேரத்தில் காலி செய்ய வேண்டும், ஆகையால் ரசிகர்கள் தயவுசெய்து ஒன்ஸ்மோர் கேட்க வேண்டாம். எனக்குப் பக்கத்திலிருந்த பெரியவர், அப்படியானால் எதற்கு வந்தோம் என்று தம் மனைவியிடம் கேட்டார்.

புதுச் சுலக்ஷணாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குரலென்று பார்த்தால் முன்னவர்கள் இருவரையும்விட உயர்ந்த குரல். கன்னத்தில் ஒட்டிய மைக் வழியாக அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கதவு தட்டப்பட்டதும் ஓடினாள், பாதியில் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். கதவில் சாய்ந்தாள், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து கதவை அடித்துக்கொண்டு பாடினாள். சின்னவள் செய்ததெல்லாம் செய்து, அதற்கு மேலும் இரண்டு படி போனாள். நியாயமாகப் பார்த்தால் என் கட்சி அமோகமாக ஜெயித்துவிட்டது. நான் துள்ளியிருக்க வேண்டும்.

எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கண் ஈரமாகவில்லை. இவள் தனியாக இருந்தவளே இல்லை என்று மட்டும் தோன்றியது.

ஏன் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் செந்திலுக்காகத்தான் காத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமையிலிருந்தே. ஆனால் வாசல் மணி அடித்தால் நான் ஓடுவதில்லை. கேஸை அணைக்கிறேன். கையைத் துடைக்கிறேன். மேஜைமேல் கிடக்கும் பேப்பரை மடித்து வைக்கிறேன். அதன் பிறகுதான் போகிறேன். ஏனென்றால் ஓடிப்போய்த் திறந்தபோது அடுத்த வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்த பையன் நின்றிருக்கிறான், ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. திறக்காத வரைக்கும் அது மகனாகவே இருக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் என்னுடையது. பெரிய சுலக்ஷணா திரியை உருட்டிக்கொண்டு பாடியதும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். அவருக்கு ஈரமில்லாமல் இல்லை, பயம். வந்தது அவன் இல்லையென்றால் என்ன செய்வது என்கிற பயம். அதைப் பார்க்கிற கண் எனக்கு இருபத்துமூன்று வயதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு எப்படியோ இருந்திருக்கிறது.

அவர் சொன்னதுதான் சரி. முப்பது வருஷ வழக்கில் நான் தோற்றுவிட்டேன், அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவர் இல்லை. விளக்குப் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நான் அப்போதுதான் அழுதேன். செந்தில் நாடகத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினான்.

6

செந்தில் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமையானாலும் பல்கலைக்கழகச் சிக்னலுக்குப் பக்கத்தில் வண்டிகள் நகரவில்லை. மெட்ரோ வேலை, ரோட்டைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது.

"ஒங்கப்பா சொன்னதுதாண்டா சரி. பெரிய சுலக்ஷணாதான்" என்றேன்.

ஆமாம்மா வரும் என்று காத்திருந்தேன்.

"இல்லம்மா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான், தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டு.

"அப்பாவே என்கிட்ட சொன்னாங்க. அம்மா சொல்றதுதான் கரெக்ட், சின்னவங்கதான் பெஸ்ட்னு."

போன வருஷம் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போகும்போது இதே வண்டியில் வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். சின்னவளை முதல் தடவை பார்த்தபோதே தெரிந்துவிட்டதாம். அப்படியென்றால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று இவன் கேட்டிருக்கிறான்.

"ஒத்துக்கிட்டா அம்மா அப்புறம் என்ன பேசுவான்னாங்க. இந்த ஊர்ல அவளுக்குப் பேச யாரு இருக்கான்னாங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சின்னவள் வந்த நாளிலிருந்து எதிர்க்கட்சியில் ஆளே இல்லை. எனக்காக ஒரு மனுஷன் தனக்குப் பிடிக்காத ஒருத்தியை ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் தூக்கிச் சுமந்திருக்கிறார். நான் இப்போது போய்ச் சேர்ந்திருக்கும் கட்சியை அவர் எப்போதோ விட்டுவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, நான் தோற்றேன் என்பது. இப்போது இரண்டாகிவிட்டது.

கோபம் அவர்மேல், அகப்பட்டவன் மகன். "இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஒரு வருஷமா எல்லாத்துக்கும் ஆமாம் போட்ட?" என்றேன்.

வண்டியை ஓரடி நகர்த்தி நிறுத்தினான். பிறகு சொன்னான்: "எனக்குத் தமிழ்ல சண்ட போட வராதும்மா. ஆமான்னா ஒரு வார்த்தைல முடிஞ்சிரும். இல்லன்னா நீ ஏன்னு கேப்ப. அதுக்கப்புறம் எங்கிட்ட வேர்ட்ஸ் இல்ல."

வாசலில் செருப்போடு மராட்டியையும் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆபீசில் மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டதைப் பார்த்துப் பயந்து போட்ட சட்டம். ஸ்கூலிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்க எதையாவது சொல்ல ஆரம்பிப்பான். தமிழ்ல சொல்லு என்பார். அவ்வளவு பெரிய கதை இரண்டு வாக்கியமாகச் சுருங்கிவிடும். பையன் எதிர்த்துப் பேசமாட்டான் என்று ஊரில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

"மராட்டியில சொல்லு" என்றேன்.

"என்னது?"

"பெரிய சுலக்ஷணா ஏன் சரியில்ல? மராட்டியில சொல்லு. எனக்குப் புரியும்."

என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தயங்கித்தான் ஆரம்பித்தான். பிறகு கை ஸ்டியரிங்கை விட்டு மேலே எழுந்தது. எனக்கு இந்த ஆளைத் தெரியாது. வேகமாகப் பேசினான், நக்கல் பண்ணினான், புதுச் சுலக்ஷணா தரையில் உருண்டதைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தான். பெரிய சுலக்ஷணாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு ஐந்து வயதிருக்கும். அந்தக் காட்சியில் அவன் அழ, தூக்கத்துக்கு அழுகிறான் என்று நான் வெளியே தூக்கிக்கொண்டு போனேன். தூக்கம் இல்லையாம். அந்த அம்மாள் கதவைத் திறக்கவே மாட்டாள் என்று பயந்து அழுதானாம்.

நீயும் அப்பாவும் உள்ளே இருக்கிறவளையே பார்க்கிறீர்கள் என்றான். வெளியே நிற்கிறவனுக்குத் திரி தெரியுமா, விளக்குத் தெரியுமா? சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே ஆள் நடமாடுகிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. பாட்டு நீள நீள அவன் என்ன நினைப்பான்? இங்கே தனக்கு இடமில்லை என்றுதான் நினைப்பான். சின்னவள் அவனை அப்படி நிற்க விடவில்லை, அதனால் அவள்தான் சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, அதே மராட்டியில், ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் நீ கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆக்குகிறாய் தெரியுமா என்று கேட்டான். உள்ளே நீ நடப்பது கேட்கிறது, குழாயை மூடுவது கேட்கிறது. நான் பையோடு நிற்கிறேன். அப்பா போன பிறகு நான் வருவதில் உனக்கு அவ்வளவாக இஷ்டமில்லையோ என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன் என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மராட்டியில் எனக்கு வந்ததெல்லாம் மேடையில் கேட்ட ராணிகளின் வசனம்தான். தமிழில் சொன்னால் எவ்வளவு தூரம் அவனுக்குப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை.

"இல்லடா" என்றேன்.

அப்படியானால் ஏன் என்று கேட்டான். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.